கறுப்புக் காய்களுக்குப் பெருமை தந்தவர்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



சதுரங்கம் ஆடுவோர் யாரைக் கேட்டாலும் வெள்ளைக் காய்களையே விரும்புவதாகச் சொல்வார்கள். வெள்ளைதான் முதலில் நகர வேண்டும் என்பது விதி. முதலில் நகர்பவர் தாம் நினைத்த வழியில் ஆட்டத்தை இழுத்துச் செல்லலாம். கறுப்போ பின்னால் ஓட வேண்டும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் எனக்கு மூன்று முறை கறுப்புக் காய்கள் வந்தன. மூன்று முறையும் தோற்றேன். எதிரில் இருப்பவள் என்ன செய்கிறாள் என்று பாராமல், நடுக்கட்டங்களைப் பிடித்துவிட வேண்டும் என்று சிப்பாய்களை அவசர அவசரமாகத் தள்ளியதே அதற்குக் காரணம்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த என்னைத் தாத்தா தேற்றவில்லை. பழைய மரப்பலகையை எடுத்து வைத்தார். கறுப்புக் காய்களை என் பக்கம் திருப்பி, மூன்றே மூன்று நகர்வுகளைக் காட்டினார். அதற்கு நிம்சோ-இந்தியத் தற்காப்பு என்று பெயர் என்றும், அந்த மூன்று நகர்வுகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையே இருக்கிறது என்றும் சொன்னார். அந்த மனிதர்தான் ஆரன் நிம்சோவிட்ச். அவருடைய வாழ்க்கையை உங்களுக்கும் சொல்ல விரும்பியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இளமைப் பருவம்

ஆரன் நிம்சோவிட்ச் 1886ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ரீகா நகரில் பிறந்தார். ரீகா இன்று லாட்வியா நாட்டின் தலைநகரம். அன்று அது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அவருடையது வசதி மிகுந்த யூதக் குடும்பம். தந்தையார் மர வியாபாரி, சதுரங்கத்திலும் தேர்ந்தவர். மகனுக்கு எட்டு வயதானபோது அவரே ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தார்.

1904ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக நிம்சோவிட்ச் ஜெர்மனிக்குச் சென்றார். ஆனால் கல்லூரிப் புத்தகங்களைவிடச் சதுரங்கப் பலகையே அவரை அதிகமாக ஈர்த்தது. படிப்பை ஓரங்கட்டிவிட்டு ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார். நம் வீடுகளில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை!

அவருக்கும் தொடக்கம் இனிக்கவில்லை. 1905ஆம் ஆண்டு பார்மன் நகரில் நடந்த போட்டியில் கடைசி இடங்களுக்கு அருகே போய் நின்றார். அழகான தாக்குதல்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. தற்காத்துக் கொள்ளத்தான் தெரியவில்லை. அந்தத் தோல்வி அவரை உலுக்கியது. தம் ஆட்டத்தை அடியிலிருந்து மாற்றி அமைக்க முனைந்தார். அடுத்த ஆண்டிலேயே, 1906இல், மூனிக் நகரப் போட்டியில் முதலிடம் பெற்றார்.

டாக்டர் டாராஷும் இளைஞரும்

அக்காலத்தில் ஜெர்மனியில் சதுரங்கத்தின் ஆசான் என்று மதிக்கப்பட்டவர் டாக்டர் சீக்பர்ட் டாராஷ். நியூரம்பர்க் நகரில் மருத்துவராக இருந்தவர். அவர் எழுதிய நூல்களைப் படித்தே ஒரு தலைமுறை ஆடக் கற்றது. பலகையில் உள்ள 64 கட்டங்களில் நடுவே இருக்கும் 4 கட்டங்களே மிக முக்கியமானவை. அவற்றில் நம் சிப்பாய்களை நிறுத்திவிட வேண்டும். இடம் நெருக்கடியான நிலையை ஒருபோதும் ஏற்கக் கூடாது. இதுவே அவர் கற்பித்த பாடம்.

1904இல் இளைஞர் நிம்சோவிட்ச் அவரோடு ஓர் ஆட்டம் ஆடினார். வழக்கத்துக்கு மாறான முறையில் அவர் காய்களை நகர்த்தக் கண்ட டாராஷ், பத்து நகர்வுகளுக்குள்ளேயே இவ்வளவு எளிதாக வெல்லும் நிலை தமக்கு இதுவரை வாய்த்ததில்லை என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டாராம். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆனால் அந்தச் சொல் இளைஞரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஆண்டுகள் பல கழிந்தும் அவர் அதை மறக்கவில்லை. அவரே பின்னாளில் எழுதிவைத்த செய்தி இது.

1913ஆம் ஆண்டில் டாராஷின் நூல் ஒன்றை எதிர்த்து வியன்னா சதுரங்க இதழில் அவர் காரசாரமாக எழுதினார். நடுக்கட்டங்களில் சிப்பாய் நிற்பது வேறு, நடுக்கட்டங்களை நம் பிடியில் வைத்திருப்பது வேறு என்பது அவருடைய வாதம். தொலைவில் நிற்கும் குதிரையும் மந்திரியும்கூட அந்தக் கட்டங்களை ஆள முடியும் என்றார். அங்கே பாய்ந்து சென்று நிற்கும் சிப்பாய் சில வேளை பலமாக இராமல், எதிரிக்கு இலக்காகி விடும் என்றும் காட்டினார். எனக்கு என் மூன்று தோல்விகளும் நினைவுக்கு வந்தது இங்கேதான்.

ஆனால் புதிய கருத்தைச் சொன்ன உடனே உலகம் கைதட்டுவதில்லை. 1914ஆம் ஆண்டு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடந்த பெரும் போட்டியில் இருவரும் மோதினர். வெள்ளைக் காய்களோடு ஆடிய நிம்சோவிட்சைத் டாராஷ் இரண்டு மந்திரிகளையும் பலி கொடுத்து வீழ்த்தினார். இன்றளவும் புகழப்படும் ஆட்டம் அது. இறுதிச் சுற்றுக்குப் போகும் ஐவருள் ஒருவராக வரவும் நிம்சோவிட்சால் முடியவில்லை.

அந்த மூன்று நகர்வுகள்

தாத்தா காட்டிய நகர்வுகளை இப்போது சொல்கிறேன். பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். நாம் மந்திரி என்று அழைக்கும் காய்க்கு ஆங்கிலத்தில் பிஷப் என்று பெயர். ஆகையால் நம் பள்ளியில் அதற்குத் தனி மரியாதை உண்டு!

வெள்ளை, ராணியின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறது. கறுப்பு பதிலுக்குச் சிப்பாயை நகர்த்தாமல், ராஜாவின் பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டு வருகிறது. வெள்ளை, ராணிப்பக்க மந்திரியின் முன் உள்ள சிப்பாயையும் இரண்டு கட்டம் நகர்த்துகிறது. கறுப்பு, ராஜாவின் முன் உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறது. மந்திரி வெளியே வர வழி திறந்தாயிற்று. வெள்ளை, ராணிப்பக்கக் குதிரையை வெளியே எடுக்கிறது. அடுத்ததாகத் தன் ராஜாவின் முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுவிடம் முழுவதையும் பிடிப்பதே அதன் எண்ணம். அப்போது கறுப்பு மந்திரி குறுக்காகப் பாய்ந்து வந்து அந்தக் குதிரையின் எதிரே நிற்கிறது. குதிரைக்குப் பின்னால் வெள்ளை ராஜா இருப்பதால் குதிரை அசைய முடியாது. இப்போது வெள்ளை அந்தச் சிப்பாயைத் தள்ளினால் கறுப்புக் குதிரை அதை வெட்டிவிடும். கட்டுண்ட குதிரையால் திருப்பி வெட்ட முடியாது.

பாருங்கள், கறுப்பு நடுவில் ஒரு சிப்பாயைக்கூட நிறுத்தவில்லை. ஆயினும் எதிரியின் திட்டம் நின்றுவிட்டது. அதோடு கறுப்பு தன் திட்டத்தை இன்னும் வெளியே சொல்லவும் இல்லை. ராணியின் முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நேரே மோதலாம். பக்கவாட்டுச் சிப்பாயால் நடுவைத் தாக்கலாம். இரண்டாவது மந்திரியை ஓரத்தில் அமர்த்தித் தொலைவிலிருந்து குறி பார்க்கலாம். சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி உறுதியான அரண் கட்டலாம். வெள்ளை எப்படி நடந்துகொள்கிறதோ அதைப் பார்த்துக் கறுப்பு தேர்ந்துகொள்ளும். வளைந்து கொடுக்கும் தொடக்கம் என்று இதைச் சொல்வது இதனால்தான்.

இதற்கு விலையும் உண்டு. பல வேளைகளில் கறுப்பு தன் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்க நேரும். அப்போது வெள்ளையிடம் இரண்டு மந்திரிகள் இருக்கும். ஆனால் அதன் சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சிக்கி, நகர இயலாமல் நிற்கும். அந்தக் குறையைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கே இத்தொடக்கம் பலன் தரும். தெரியாதவர் வெறுமனே நெருக்கடியில் மாட்டிக்கொள்வார். நானும் முதல் மாதத்தில் தாத்தாவிடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

பெயரில் இந்தியா வந்தது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளத்தவர், ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரோடு பல ஆட்டங்கள் ஆடினார். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பானர்ஜி நடுவிடத்தை உடனே பிடிக்காமல் அடக்கமாகத் தொடங்குவார். அவ்வகைத் தற்காப்புகளுக்கு இந்தியத் தற்காப்பு என்ற பெயர் அவரால் வந்தது என்பர். ஐரோப்பியர் விந்தையாகப் பார்த்த அந்த அடக்கத்துக்குக் காரண காரியம் கண்டு சொன்னவர்களுள் முன்னணியில் நின்றவர் நிம்சோவிட்ச்.

போரும் புது வாழ்வும்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அதன் பின் ரஷ்யப் புரட்சி வந்தது. ரீகாவைச் சுற்றிலும் போர்க்களமாயிற்று. வளரும் வயதில் ஓர் ஆட்டக்காரர் இழக்கக் கூடாத ஆண்டுகளை நிம்சோவிட்ச் இழந்தார். 1920இல் ஸ்வீடனுக்குத் தப்பி வந்து, 1922இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் குடியேறினார். செல்வர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர், தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அங்கே வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய அறையிலேயே கழித்தார்.

அந்தச் சிறிய அறையில் இருந்துதான் அவருடைய பெரிய படைப்புகள் பிறந்தன. 1923ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் பிரீட்ரிக் சேமிஷ் என்ற வல்லவரோடு அவர் கறுப்புக் காய்களை வைத்து ஆடினார். நிம்சோ-இந்தியத் தற்காப்பின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ராணி-இந்தியத் தற்காப்பே அன்றைய தொடக்கம். இடையில் ஒரு குதிரையையே கொடுத்து, ஈடாக இரண்டு சிப்பாய்களை மட்டும் பெற்றார். 25ஆம் நகர்வில் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை மெதுவாக ஒரு கட்டம் தள்ளினார். அவ்வளவுதான், சேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெள்ளையின் காய்கள் பெரும்பாலும் பலகையிலேயே இருந்தன. ஆனால் வீணாகத் தள்ளக்கூடிய இரண்டொரு சிப்பாய் நகர்வுகள் தீர்ந்துவிட்டால், எந்தக் காயை அசைத்தாலும் கேடுதான் என்ற நிலை. எதிரியை அடிக்காமலே கட்டிப்போட்ட அந்த ஆட்டத்தை இன்றும் உலகெங்கும் பாடமாக வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

1925ஆம் ஆண்டு ‘என் முறை’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் வெளிவந்தது. எதிரி செய்ய நினைப்பதை முன்கூட்டியே அறிந்து தடுப்பது, முன்னேறும் சிப்பாயின் வழியை அடைப்பது, முக்கியமான இடத்தைத் தேவைக்கு மேலும் காத்து வைப்பது ஆகிய கருத்துகளை அதில் விளக்கினார். சதுரங்கம் கற்போர் இன்றும் தேடிப் படிக்கும் நூல்களுள் அதுவும் ஒன்று.

வெற்றியின் உச்சி

1926ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரில் நடந்த போட்டியில் 9 ஆட்டங்களில் எட்டரைப் புள்ளி பெற்று, பின்னாளில் உலகச் சாம்பியனான அலெக்ஸாண்டர் அலெகைனையும் பின்னுக்குத் தள்ளினார். அப்போட்டியில் பால் யோனருக்கு எதிராக அவர் ஆடிய நிம்சோ-இந்திய ஆட்டம் மிகவும் புகழ் பெற்றது. வெள்ளைச் சிப்பாய்களை அசையாமல் பூட்டிவிட்டு, தம் ராணியைப் படிப்படியாக நகர்த்தி ராஜாவின் அருகே ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். பார்ப்பவர்க்கு விளையாட்டாகத் தோன்றும். தாக்குதல் தொடங்கிய பிறகே காரணம் விளங்கும்.

அவர் வாழ்வின் பெரும் வெற்றி 1929ஆம் ஆண்டு கார்ல்ஸ்பாட் நகரில் கிடைத்தது. 22 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் 21 ஆட்டங்களில் 15 புள்ளி பெற்று முதலிடம் அடைந்தார். முன்னாள் உலகச் சாம்பியன் கேபபிளாங்காவே அரைப் புள்ளி பின்தங்கி நின்றார்.

அதே போட்டியில் ஆடிய ஒரே பெண்மணி வேரா மென்சிக். உலகின் முதல் பெண் சதுரங்கச் சாம்பியன் அவர்தான். அட்டவணையில் அவருக்குக் கடைசி இடமே கிடைத்தது என்றாலும், நாம் மேலே கண்ட அந்தச் சேமிஷையே அவர் அங்கே தோற்கடித்தார். இச்செய்தியைப் படித்த அன்று நான் வீடு முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

எட்டாத கனி

இத்தனை இருந்தும் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக ஆடும் வாய்ப்பு நிம்சோவிட்சுக்கு வரவேயில்லை. 1922இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி சாம்பியனை அழைப்பவர் 10,000 டாலர் திரட்ட வேண்டும். வாடகை அறையில் வாழ்ந்தவர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

அவருடைய குணமும் அவருக்கு உதவவில்லை. சிறு சொல்லையும் பெரிதாக எடுத்துக்கொள்வார். பாராட்டு குறைந்துவிட்டதாக வருந்துவார். புகையிலைப் புகை அவருக்கு ஆகாது. எதிராளி சுருட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாலே பதறிப்போவார் என்று கதைகள் சொல்வதுண்டு. டாராஷ் மீது கொண்ட வருத்தத்தை அவர் கடைசிவரை விடவில்லை. பலகையில் அத்தனை பொறுமையாகக் காத்திருக்கவும் வளைந்து கொடுக்கவும் காய்களுக்குக் கற்பித்தவர், தம் மனத்துக்கு அதைக் கற்பிக்க இயலாமல் போனது எனக்கு வியப்பாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. பெரியோரிடமும் குறை இருக்கும். அதை அறிந்த பிறகும் அவர் மீது நான் கொண்ட மதிப்புக் குறையவில்லை. ஒருவேளை அந்த முள் தைக்காமல் இருந்திருந்தால் அவர் இவ்வளவு ஆழமாகச் சிந்தித்திருக்கவும் மாட்டாரோ என்னவோ!

1935ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் நிமோனியா காய்ச்சலால் கோபன்ஹேகனில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

சென்னையில் ஒரு நாள்

அவர் மறைந்து 78 ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னையிலேயே அவருடைய தற்காப்பு மேடையேறியது. 2013ஆம் ஆண்டு நவம்பரில் விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக மோதினர். 9ஆம் ஆட்டத்தில் ஆனந்துக்கு வெள்ளைக் காய்கள். பட்டத்தைக் காக்க அவர் வென்றே ஆக வேண்டிய நிலை. கார்ல்சன் எடுத்தது நிம்சோ-இந்தியத் தற்காப்பு. ஆனந்த் கறுப்பு ராஜாவை நோக்கித் துணிந்து படையெடுத்தார். கார்ல்சன் தம் அரணைக் காத்துக்கொண்டே மறுபக்கத்தில் ஒரு சிப்பாயைக் கட்டம் கட்டமாக நகர்த்திக் கடைக் கட்டத்துக்குக் கொண்டுபோய் ராணியாக்கிவிட்டார். 28 நகர்வுகளில் ஆனந்த் தோற்றார். அடுத்த ஆட்டத்தோடு பட்டம் கைமாறியது. அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. தாத்தா அந்த ஆட்டத்தை எனக்கு ஆடிக் காட்டும்போது இன்றும் கடைசி நகர்வுக்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார். ஆனாலும் கறுப்பைக் குறை சொல்ல மாட்டார்.

நான் கற்றது

பத்தாம் வகுப்பில் இருக்கும் நம் எல்லோரையும் உறவினர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு, பிறகு டாக்டரா, இன்ஜினீயரா? இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொன்னால் சோம்பேறி என்றோ, குறிக்கோள் இல்லாதவள் என்றோ நினைத்துவிடுகிறார்கள். எனக்கும் அது உறுத்தலாகவே இருந்தது. நிம்சோவிட்சின் தற்காப்பைக் கற்ற பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. முடிவைத் தள்ளி வைப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. மூன்று நகர்வுகளுக்குள் கறுப்பு தன் திட்டத்தைச் சொல்வதில்லை. ஆனால் குதிரையை வெளியே எடுத்துவிடுகிறது. மந்திரிக்கு வழி திறந்துவிடுகிறது. ராஜாவைக் காப்பிடத்துக்கு அனுப்பவும் ஆயத்தமாகிறது. நாமும் எல்லாப் பாடங்களையும் கருத்தோடு கற்று, எந்த வாசலும் அடைபடாமல் பார்த்துக்கொண்டால், நேரம் வரும்போது நல்ல வழியைத் தேர்ந்துகொள்ளலாம். ஆட்டத்தில் ஒரு நேரத்தில் தேர்ந்தேயாக வேண்டும் என்பதையும் நான் மறக்கவில்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் அதுவரை சற்றுப் பொறுமை காட்ட வேண்டும் என்பதே என் பணிவான வேண்டுகோள்.

இந்த ஆண்டுப் போட்டியிலும் எனக்குக் கறுப்புக் காய்கள் வந்தன. சென்ற ஆண்டு என்னைத் தோற்கடித்த அதே மாணவிதான் எதிரே அமர்ந்தாள். நான் வெல்லவில்லை; ஆட்டம் சமனில் முடிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது தாத்தா முடிவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஏழாவது நகர்வில் அவள் என்ன செய்ய நினைத்திருந்தாள் என்று மட்டும் கேட்டார். இம்முறை எனக்கு விடை தெரிந்திருந்தது.